கிரீன் டீயில் எனக்கு மட்டும் தெரியாத வாசம்

1

கோத்தகிரியில் இலை ஃபேக்டரி வைத்திருக்கும் என் நண்பன் போஜன் போன வாரம் கடிதம் போட்டிருந்தான். ஊரே ஈமெயிலுக்கு மாறிய பிறகும் எனக்குக் கடிதம் போடுகிற ஆள் அவன் ஒருவன்தான். சுகம் விசாரிப்பு இரண்டு வரி, மிச்சம் முழுக்க ஒரே கேள்வி. "எல்லாரும் கிரீன் டீ, கிரீன் டீங்கறாங்க. நம்ம ஆளுங்களும் போடலாம்னு பார்க்கறாங்க. நீதான் சீனாவுக்கெல்லாம் போய் வந்தவன். அவன் எப்படிப் பறிக்கிறான், எப்படிச் செய்றான், நல்லது கெட்டது எப்படிக் கண்டுபிடிக்கிறான்னு விவரமா எழுது. நம்ம சங்கத்து மலர்ல போட்டுடலாம்."

கடிதம் வந்த அன்றைக்கே இந்த வருடத்து வசந்தகால சாம்பிள்களும் சீனாவிலிருந்து கொரியரில் வந்து இறங்கின. வருடா வருடம் ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் வரும். அந்தப் பெட்டியைப் பிரிக்கும்போதெல்லாம் எனக்கு 2007ஆம் வருடத்துப் பெட்டி ஞாபகம் வந்து தொலைக்கிறது.

போஜனுக்கு வேண்டியது தொழில் விவரம் மட்டும். ஆனால் கிரீன் டீயைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அதோடு என் கதையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. இரண்டையும் எழுதிவிடுகிறேன். வேண்டாததை அவனே வெட்டிக்கொள்ளட்டும். ஃபேக்டரியில் தண்டு பொறுக்கிப் பழக்கப்பட்ட கைதான்.

2

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெயர் சுந்தரம், ஊர் குன்னூர். ஊரில் ஒரு டீ ஏல புரோக்கர் ஆபீஸில் பதினைந்து வருடம் டீ டேஸ்டராக இருந்தேன். துபாய்க்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. ஜெபல் அலி பக்கம் ஒரு டீ கம்பெனி. பல நாட்டு டீயை வாங்கி, கலந்து, டப்பாவில் அடைத்து வேறு பல நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். கலப்பதற்கு முன் ருசி பார்த்துச் சரி, சரியில்லை என்று சொல்வது என் வேலை.

டீ டேஸ்டர் என்றால் குடித்துக் குடித்தே சம்பாதிக்கிறவன் என்று ஊரில் நினைக்கிறார்கள். நாங்கள் குடிப்பதில்லை. சர்ரென்று உறிஞ்சி, நாக்கு முழுவதும் படவிட்டு, துப்பிவிடுகிறோம். காலையில் மட்டும் நூறு கப்புக்கு மேல் போகும். இதற்கு மூக்கும் நாக்கும் துடைத்த கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். பூண்டு கூடாது, பச்சை வெங்காயம் கூடாது, ஊறுகாய் கூடாது, மீன் வறுவல் கூடாது. பவுடர், அத்தர், ஊதுபத்தி, தலைவலித் தைலம் எதுவுமே ஆகாது. டீ இலையும் பக்கத்தில் இருக்கிற வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும்.

கராமாவில் ஒரு ரூமில் ஐந்து பேர் இருக்கிறோம். சமையல் பொறுப்பு அந்தோணியுடையது. கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன், ஏசி டெக்னீஷியன். அவன் கை மணத்துக்குப் பக்கத்து பில்டிங்கிலிருந்தே ஆள் வரும். சாயங்காலம் அவன் சட்டியை இறக்கினால் நாலு பேரும் தரையில் பேப்பர் விரித்து உட்கார்வார்கள். நான் கட்டிலில் தயிர்சாதத்தோடு உட்கார்வேன்.

"அண்ணே, நெய்மீனு பொரிச்சிருக்கு. ஒரு துண்டு தின்னா ஒங்க மூக்கு என்ன, அறுந்தா விழப்போவுது?"

"நாளைக்கு டேஸ்டிங் இருக்கு அந்தோணி."

"ஒங்களுக்கு என்னைக்குத்தான் டேஸ்டிங் இல்ல?"

வெள்ளிக்கிழமை லீவுதான். ஆனால் சனிக்கிழமை காலையில் கப் வரிசையாகக் காத்திருக்கும். பூண்டு மறுநாள் வரைக்கும் நாக்கை விடாது. நாலு பேர் ஒரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும்போது ஐந்தாவது ஆளாகக் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடுவது இன்றைக்கும் எனக்குப் பழகவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு நடக்கப் போய்விடுவேன். கராமாவில் நடப்பதற்கு ஒன்றும் பெரிதாக இல்லை. துணிக்கடை, செல்போன் கடை, பூக்கடை, மறுபடியும் துணிக்கடை.

3

இப்போது போஜனின் முதல் இரண்டு கேள்விகள்.

எங்கள் கம்பெனியில் முன்பிருந்தே கிரீன் டீ உண்டு. குண்டு குண்டாக மிளகு மாதிரி உருட்டிய ரகம், சீனாவிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து ஆப்பிரிக்காவுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் போகும். அதை ருசி பார்ப்பதில் பெரிய சூட்சுமம் இல்லை. பிறகு கிரீன் டீ குடித்தால் உடம்பு இளைக்கும் என்று ஒரு பேச்சு இங்கே பரவியது. எங்கள் மேனேஜர் ஃபரூக் பாய், கராச்சிக்காரர், உடனே முடிவு செய்தார்: நல்ல வசந்தகால டீயை அழகான டப்பாவில் போட்டு விற்பது. அதைக் கற்றுக்கொண்டு வரச் சொல்லி 2006 மார்ச் கடைசியில் என்னைப் பத்து நாள் சீனாவுக்கு அனுப்பினார்.

செஜியாங் மாகாணத்தில் ஒரு மலையடிவாரம். அங்கே ஷென் என்பவருடைய சின்ன ஃபேக்டரி. என் வயதுதான் இருக்கும். அவருக்கு ஆங்கிலம் பத்து வார்த்தை, எனக்குச் சீனம் இரண்டு வார்த்தை. கையடக்கமான ஒரு மின் அகராதி வைத்திருந்தார். சீனத்தில் தட்டினால் ஆங்கிலத்தில் காட்டும். மிச்சத்தைக் கையாலும் கண்ணாலும் பேசிக்கொண்டோம்.

அவர்களுக்குப் பஞ்சாங்கம்தான் கணக்கு. ஏப்ரல் முதல் வாரத்தில் முன்னோர் கல்லறைக்குப் போய்ப் படைக்கிற ஒரு நாள் வருகிறது. அதற்கு முன் பறித்ததுதான் முதல் தரம். பனிக்காலம் முழுக்கத் தூங்கிக் கிடந்த செடியின் முதல் கொழுந்து அது. அதிலிருந்து இரண்டு வாரம் தாண்டினால் மழைப் பருவ நாள். அதற்குள் பறித்தது இரண்டாம் தரம். பிறகு இலை தடித்துக்கொண்டே போகும், விலையும் இறங்கிக்கொண்டே போகும். கோடை இலை கசக்கும். நம்மைப் போல வருடம் முழுக்கக் கொழுந்து கிடைக்கிற ஊர் இல்லை அது. அந்தச் சில வாரங்களில்தான் அவர்களுடைய வருடமே இருக்கிறது.

பறிப்பது பெண்கள். ஒரு மொட்டு, அதோடு ஒரு இலை. நகத்தால் கிள்ளக் கூடாது, விரலால் பிடித்து மேலே இழுத்து ஒடிக்க வேண்டும். நகம் பட்ட இடம் சிவந்துபோகும். இடுப்புக் கூடையில் இலையை அமுக்கக் கூடாது. கூடை பாதி ஆனதும் இறக்க ஆள் வந்துவிடும். நம் ஊரில் சாக்கில் இலையைத் திணித்து, பிக்கப்பில் ஏற்றி, அதன் மேலேயே நாலு பேர் உட்கார்ந்து வருவதை ஷென்னிடம் நடித்துக் காட்டினேன். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்தது செய்முறை. நாம் இலையை வாடவைத்து, நசுக்கி, காற்றுப் பட விட்டுச் சிவக்க வைக்கிறோம். சிவந்தால்தான் டீ. அவர்கள் அது சிவக்கவே கூடாது என்று மெனக்கெடுகிறார்கள். மூங்கில் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, சில மணி நேரம் நிழலில் வைத்து, பச்சைப் புல் வாசம் போனதும் காய்ந்த இரும்புச் சட்டியில் போடுகிறார்கள். அந்தச் சூடு பட்டதும் சிவக்கிற குணம் இலையை விட்டுப் போய்விடும். ஷென் வெறுங்கையால்தான் கிளறுவார். சூடு போதாவிட்டால் காம்பு சிவக்கும், கூடிவிட்டால் ஓரம் கருகும். சட்டியிலிருந்து எடுத்ததும் விசிறி ஆறவைக்க வேண்டும். சூட்டோடு குவித்து வைத்தால் மஞ்சளித்துப்போகும். ஆறியதும் உருட்டி, மறுபடி சட்டியில் போட்டு வடிவம் கொடுத்து, கடைசியில் நன்றாகக் காயவைக்கிறார்கள். காலையில் பறித்தது அன்றைக்கே டீ ஆகிவிடுகிறது. செய்த சூடு அடங்க டீ சில நாள் அமர வேண்டும் என்றும் ஷென் காட்டினார். இதை நான் நன்றாகவே ஞாபகம் வைத்துக்கொண்டேன். அதுதான் வினையாகப் போயிற்று.

ஒரு நாள் என்னையும் சட்டியில் கை வைக்கச் சொன்னார். வைத்தேன். மூன்று நாளைக்குச் சாப்பிட ஸ்பூன் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஷென்னின் மனைவி ஒவ்வொரு தடவையும் வாயைப் பொத்திக்கொண்டுதான் ஸ்பூனை நீட்டுவார்.

4

இனிமேல் வருவது போஜனுக்கு வேண்டாத பகுதி.

2007 வசந்தத்தில் ஷென்னிடம் முதல் சரக்குக்கு ஆர்டர் போட்டோம். அதே சமயம் என் குடும்ப விசாவும் ஓடிக்கொண்டிருந்தது. நான் வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. மனைவி செல்வியும் மகள் நிவேதாவும் குன்னூரில். நிவேதா அப்போதுதான் எட்டாவது முடித்திருந்தாள். என்னை சீனியர் டேஸ்டராக உயர்த்தினால்தான் குடும்பத்தைக் கூட்டிவர கம்பெனி கையெழுத்துப் போடும்.

"சுந்தரம் பாய், இந்தக் கிரீன் டீ மட்டும் நல்லபடியா முடியட்டும். உன் ஃபைல் என் டிராயர்லதான் இருக்கு. ஜூன்ல பையனுங்களோட ரூமைக் காலி பண்ணு" என்றார் ஃபரூக் பாய். அவர் பேசுவது உருது. நான் தமிழில் எழுதுகிறேன்.

அந்த ஃபைலுக்குள் என்னவெல்லாம் இருந்தது என்று எனக்கு மனப்பாடம். கல்யாணச் சான்றிதழுக்கு முத்திரை வாங்க செல்வி கோயம்புத்தூருக்கு ஒரு தடவையும் சென்னைக்கு இரண்டு தடவையும் அலைந்தாள். எங்களுக்குக் கல்யாணம் ஆனது உண்மைதான் என்று பதினாறு வருடம் கழித்து ஒவ்வொரு ஆபீஸாகச் சொல்ல வேண்டியிருந்தது. நிவேதாவின் பள்ளி டிசி மட்டும் வரவில்லை. கேட்கும்போதெல்லாம் கிளார்க் லீவு என்றாள் செல்வி, பிறகு ஹெட்மிஸ்ட்ரஸ் ஊரில் இல்லை என்றாள். நான் இங்கிருந்து அந்தப் பள்ளிக்கூடத்தைத் திட்டித் தீர்த்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் வீடு பார்க்கப் போனேன். ஒரே ஒரு ஹாலும் ஒரு சின்ன ரூமும் இருக்கிற ஃபிளாட் ஒன்று பிடித்துப் போயிற்று. ஜன்னலுக்குக் கீழே நிவேதாவின் படிக்கிற மேசை, சுவர் ஓரம் அவள் கட்டில். அளவெடுத்து ஒரு தாளில் படம் கூடப் போட்டு வைத்தேன். ஃபோனில் அதைச் சொன்னால் "ம்" என்பாள். "எப்படிடா இருக்கே?" என்றால் "ஃபைன்ப்பா" என்பாள். அடுத்து "அம்மாகிட்ட குடுக்கறேன்." நான் விட்டுவந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. நேரில் வந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாக வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டேன்.

ஷென் சாம்பிள் அனுப்பினார். நல்ல டீ. வெந்த பச்சைப் பட்டாணியும் வறுத்த கடலையும் சேர்ந்த மாதிரி ஒரு மணம். சரி என்று பதில் அனுப்பிவிட்டு, முறைப்படி ஒரு டப்பாவை எடுத்து வைத்தேன். கப்பலில் சரக்கு வந்ததும் இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதன் ஜோடி டப்பா சீல் வைத்து ஷென்னிடம் இருந்தது.

அந்த வாரம்தான் எனக்குச் சளி பிடித்தது. சளி பிடித்தால் டேஸ்டர் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும், அது வேலையின் சட்டம். ஃபைல் டிராயரில் இருக்கும்போது எப்படிச் சொல்வது? செல்வி யார் வந்தாலும் கொடுத்தனுப்புகிற நீலகிரித் தைலம் இரண்டு பாட்டில் இருந்தது. கைக்குட்டையில் நாலு சொட்டு விட்டு, ராத்திரி தலையணையிலும் பகலில் கோட் பாக்கெட்டிலும் வைத்துக்கொண்டேன். தைலம் கூடாது என்று தெரியாமல் இல்லை. டேஸ்டிங்குக்கு ஒரு மணி நேரம் முன்னால் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டால் போதும் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

சளி ஒரு வாரத்தில் போய்விட்டது. கைக்குட்டை போகவில்லை. அது பக்கத்தில் இருந்தால் நல்ல தூக்கம் வந்தது.

"அண்ணே, ரூமு முழுக்க தைல நாத்தமாக்கும். மீன் கறி கூடத் தைலமா மணக்கு" என்று அந்தோணி இரண்டு தடவை சொன்னான்.

"எனக்கு ஒண்ணும் அடிக்கலையே" என்றேன். நிஜமாகவே அடிக்கவில்லை.

5

கப்பல் வருவதற்கு ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதமும் தினம் மதியம் சாம்பிள் ரூமுக்குப் போய் அந்த டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன். எந்த வேலையும் இல்லை, சும்மாதான். வெள்ளைக் கோட்டை அங்கேயே டப்பா இருந்த அலமாரிக் கதவின் உட்பக்கம் மாட்டிவிட்டு, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த ரூமில் குளிராக இருக்கும், யாரும் வரமாட்டார்கள். நாள் ஆக ஆக அந்த டீயில் ஒரு குளிர்ச்சி ஏறிக்கொண்டே வந்தது. மூக்கு திறந்துகொள்கிற மாதிரி ஒரு தெளிவு. டீ அமர்ந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஷென் சொன்னாரே! இவ்வளவு நல்ல டீயை என் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று செல்வியிடம் ஃபோனில் பெருமை அடித்தேன்.

மே மாதம் நடுவில் சரக்கு வந்தது. போஜனின் மூன்றாவது கேள்விக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். முதலில் காய்ந்த இலையைப் பார்க்க வேண்டும். ஒரே அளவாக, கையில் கனமாக, தூளும் தண்டும் இல்லாமல் இருக்க வேண்டும். பிறகு வெந்நீர் ஊற்றி மூடி வைத்து, மூடியைத் திறந்ததும் வருகிற ஆவியை முகர வேண்டும். தண்ணீர் இளம்பச்சையாகத் தெளிந்து நிற்க வேண்டும், பழுப்படித்தால் பழைய டீ. வாயில் முதலில் லேசாகத் துவர்த்து, துப்பிய பின் இனிக்க வேண்டும். கடைசியாகத்தான் முக்கியமானது: ஊறிய இலையை மூடியில் கவிழ்த்து விரலால் அழுத்திப் பார்ப்பது. நல்ல இலை, செடியில் இருந்தபடி மொட்டும் இலையுமாக விரிந்து, மெத்தென்று இருக்கும். சிவந்த காம்பு, கருகிய ஓரம், மஞ்சளித்த நிறம் எல்லாம் அங்கே மறைக்க முடியாது. பழைய டீயை மறுபடி வறுத்து மணம் ஏற்றி விற்கிறவர்கள் உண்டு. மூக்கை ஏமாற்றலாம், ஊறிய இலையை ஏமாற்ற முடியாது.

ஷென்னின் சரக்கில் இலை அப்பழுக்கில்லாமல் இருந்தது. நிறமும் சரி, ருசியும் சரி. ஆனால் மணத்தில் அந்தக் குளிர்ச்சி இல்லை. எத்தனை பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தாலும் இல்லை. சாம்பிளை முகர்ந்தால் மனசு திறந்தது, சரக்கை முகர்ந்தால் தட்டையாக இருந்தது. மூன்று நாள் பார்த்தேன். எனக்கு ஷென்மேல் வருத்தமாகக் கூட இருந்தது. நல்லதைக் காட்டிவிட்டு வேறொன்றை அனுப்பிவிட்டாரே என்று. "சாம்பிளுக்குச் சமமாக இல்லை, புத்துணர்வு குறைவு" என்று ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஃபரூக் பாய்க்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். "பரவாயில்லை. தரம் இறக்கி வாங்கிக்கறோம்னு எழுது. அவன் திருப்பிக் கொண்டு போக மாட்டான், வெயில்ல கிடந்தா என்ன ஆகும்னு அவனுக்குத் தெரியும்."

ஷென்னின் ஒரு வருடம் முழுக்க அந்தப் பெட்டிகளில் இருந்தது. எனக்கும் தெரியும், ஃபரூக் பாய்க்கும் தெரியும்.

6

பத்து நாளில் ஷென்னே வந்து நின்றார். ஒரு பையில் மாற்றுச் சட்டை, அந்த மின் அகராதி, சீல் உடைக்காத ஜோடி டப்பா. நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில் முகம் வாடிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்து, என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், சட்டியில் சுட்ட இடம் ஆறிவிட்டதா என்று.

டேஸ்டிங் மேசையில் மூன்று வரிசை வைத்தேன். நான் வைத்திருந்த சாம்பிள், கப்பலில் வந்த சரக்கு, ஷென்னின் டப்பா. ஃபரூக் பாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு ருசி பார்க்கத் தெரியாது. என் மூக்கை நம்பித்தான் அந்த டிபார்ட்மென்டே ஓடியது.

ஷென் என் சாம்பிள் மூடியைத் தூக்கினார். தலையைச் சட்டென்று பின்னால் இழுத்தார். மறுபடி முகர்ந்தார். அகராதியை எடுத்துத் தட்டி என்னிடம் காட்டினார். திரையில் 'மருந்து' என்று ஆங்கிலத்தில் இருந்தது.

நான் முகர்ந்தேன். மருந்து ஒன்றும் இல்லை, எனக்குப் பிடித்த அந்தக் குளிர்ச்சிதான் இருந்தது. பிறகு அவருடைய டப்பாவை முகர்ந்தேன். அதில் குளிர்ச்சி இல்லை. சரக்கிலும் இல்லை. அவருடைய டப்பாவும் சரக்கும் அச்சு அசல் ஒன்று. என் டப்பா மட்டும் தனி.

ஷென் எழுந்து சாம்பிள் ரூமுக்குள் போனார். பின்னாலேயே போனேன். அலமாரியைத் திறந்தார், ஒவ்வொரு தட்டாக முகர்ந்தார். கதவின் உட்பக்கம் தொங்கிய என் கோட்டருகே வந்தார். பாக்கெட் பக்கம் குனிந்தவர் அப்படியே நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. என்னைப் பார்க்கச் சங்கடப்பட்டவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, அலமாரிக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, அகராதியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மேசைக்குத் திரும்பினார்.

நான் கோட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். அப்போதும் எனக்கு வாசம் தெரியவில்லை. குன்னூரில் பிறந்து, தைல மரத்துக்கு நடுவே வளர்ந்து, அந்தக் காற்றையே முப்பத்தெட்டு வருடம் மூச்சாக விட்டவனுக்கு அது வாசமே இல்லை. நல்ல காற்று, அவ்வளவுதான்.

வெளியே வந்தேன். ஃபரூக் பாய் கேட்டார். "என்ன சொல்றார்?"

"நம்ம சாம்பிள்ல வேற வாசம் ஏறியிருக்குன்னு சொல்றார்."

"கொரியர்ல கெட்டிருக்கும். சரி, ரெண்டு பக்கமும் தப்புன்னு வை. இறக்கின விலைக்கும் பழைய விலைக்கும் நடுவுல பேசி முடிச்சிடலாம். கலாஸ், விஷயம் முடிஞ்சுது."

'ஆமாம் பாய்' என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். அந்த நேரத்தில் என் மனசில் ஷென் இல்லை. ஜன்னலுக்குக் கீழே போட்ட மேசைதான் இருந்தது. ஷென் வாயைத் திறக்கப் போவதில்லை, அதுவும் தெரிந்துவிட்டது. அவர் என்ன செய்தார் தெரியுமா? கப்பையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கழுவ ஆரம்பித்தார். தன்னுடையதை மட்டும் கழுவவில்லை, என்னுடையதையும் சேர்த்து. தைலம் ஏறிய கப்பை இரண்டு தடவை அலசி, முகர்ந்து பார்த்து, மூன்றாவது தடவையும் அலசினார். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

"பாய், கொரியர் இல்லை. தப்பு என்னுது" என்றேன். கைக்குட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

ஃபரூக் பாய் தூரத்திலிருந்தே மூக்கைச் சுளித்தார். "யா அல்லா. இது எத்தனை நாளா?"

"சளி பிடிச்சதுல இருந்து."

"சளி பிடிச்சதை ஏன் சொல்லலை?"

ஃபைலை நினைத்துக்கொண்டு கைக்குட்டையை மடித்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் கூடப் பரவாயில்லை. ஷென்னின் சரக்கைப் பேசிய விலைக்கே எடுத்துக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டார். ஷென் போன பிறகு டிராயரைத் திறந்து என் ஃபைலை எடுத்து, ஒரு புரட்டுப் புரட்டி, திரும்ப உள்ளே வைத்தார்.

"மேலே என்ன சொல்லி உன்னை சீனியர் ஆக்கறது? அடுத்த வருஷம் பார்க்கலாம், சுந்தரம் பாய்."

7

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஃபோன் கார்டு ஒன்றைச் சுரண்டிக்கொண்டு பில்டிங் வாசலில் நின்றேன். எப்படிச் சொல்வது என்று நாலு விதமாக யோசித்து வைத்திருந்தேன். செல்வி குரல் கேட்டதும் நாலும் மறந்துவிட்டது.

"என்னங்க, சளி இன்னும் இருக்கா? குரல் ஒரு மாதிரி இருக்கே."

"சளி இல்லை. செல்வி, விசா இந்த வருஷம் இல்லைன்னுட்டாங்க. அடுத்த வருஷம் பார்க்கலாமாம்."

தைலத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் அவள் அனுப்பியதால்தான் என்று வருடக் கணக்கில் புலம்புவாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். ஆனால், "சரி விடுங்க. உடம்பைப் பார்த்துக்குங்க" என்றாள். அவ்வளவு சீக்கிரம் 'சரி விடுங்க' என்பாள் என்று நான் நினைக்கவில்லை. முத்திரைக்கு அந்த அலைச்சல் அலைந்தவள்.

பின்னால் நிவேதா ஏதோ கேட்பது காதில் விழுந்தது. ரிசீவரை அவளே பிடுங்கியிருக்க வேண்டும்.

"அப்பா! அப்ப நாங்க வரலையா? நிஜமாவா? கன்ஃபார்மா?"

அவள் குரல் துள்ளியது. அதைக் கண்டுபிடிக்க டேஸ்டராக இருக்க வேண்டியதில்லை.

"கன்ஃபார்ம்டா" என்றேன்.

அவளுக்கும் உறைத்துவிட்டது. "சாரிப்பா. நான் அப்படி மீன் பண்ணலை" என்று குரலைத் தாழ்த்தினாள். அம்மா அவளை முறைத்திருப்பாள்.

"பரவால்ல. நீ சொல்லு. ஸ்கூல்ல என்ன விசேஷம்?"

என்னவோ சொல்ல வேண்டுமே என்று கேட்டதுதான். அவள் பேச ஆரம்பித்தாள். த்ரோபால் டீமில் எடுத்திருக்கிறார்களாம், அவள்தான் கேப்டன் ஆகப்போகிறாளாம், துபாய்க்கு வருகிறதைப் பற்றி இவ்வளவு நாள் மிஸ்ஸிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்தாளாம். டிசி ஏன் வரவில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஜெனிஃபர் என்று ஒரு சிநேகிதி, இருவரும் ஒரே பெஞ்சில் உட்காருவதற்காக ஜெனிஃபர் தன் சப்ஜெக்டையே மாற்றிக்கொண்டாளாம். வெல்லிங்டன் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் இவர்கள் ஏறினாலே கையெடுத்துக் கும்பிடுகிறாராம். சிரித்துச் சிரித்துச் சொன்னாள். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். நான் "ம்" "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெனிஃபர் யார், பஸ் எந்த பஸ் என்று எதுவும் எனக்குத் தெரியாது. கேட்டால் நிறுத்திவிடுவாளோ என்று கேட்கவும் இல்லை.

இன்னும் ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்று கார்டில் பதிவு செய்து வைத்த பெண் குரல் என் காதில் ஆங்கிலத்தில் சொன்னது. நிவேதாவுக்கு அது கேட்காது. நான் அவளிடம் சொல்லவில்லை. அந்தக் கண்டக்டர் அடுத்து என்ன செய்தார் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்துவிட்டது.

வந்த நாலு வருடத்தில் என் மகள் என்னோடு அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான். எதிர்க் கடையில் கார்டு விற்றது. இன்னொன்று வாங்கிச் சுரண்டி மறுபடி கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் அவள் அதே மாதிரி பேசுவாளோ மாட்டாளோ என்று பயமாக இருந்தது. கூப்பிடவில்லை.